கீழாநெல்லியும் மஞ்சள் காமாலையும்: ஆய்வுகள் கூறுவது என்ன?

மழைக்காலம் தொடங்கியதும் சங்கராபுரம் வட்டாரத்து வயல் வரப்புகளிலும் வீட்டுக் கொல்லைகளிலும் கீழாநெல்லி தானே முளைத்து வளர்கிறது. இச்செடியின் சிற்றிலைகளுக்குக் கீழே சிறுசிறு காய்கள் வரிசையாகத் தொங்கும். கீழே காய்க்கும் நெல்லி என்பதே இதன் பெயர்க்காரணம். ஒருவர் கண்ணில் மஞ்சள் தெரிந்துவிட்டால், நம் ஊர்களில் முதலில் தேடப்படும் மருந்து பெரும்பாலும் இதுவே. செடியை வேரோடு பிடுங்கிக் கழுவி அரைத்து, மோரிலோ பாலிலோ கலந்து வெறும் வயிற்றில் கொடுப்பது வழக்கம். கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர் போன்ற ஊர்களில் வாழ்வோர்க்கு மருத்துவமனை தொலைவில் உள்ளது. கீழாநெல்லியோ காலடியில் உள்ளது. எனவே இவ்வழக்கத்தை வெறும் அறியாமை என்று ஒதுக்குவது முறையன்று.

ஆயினும், "இம்மருந்து உண்மையில் நோயைத் தீர்க்கிறதா?" என்னும் வினா எஞ்சியே நிற்கிறது. உலகப் புகழ்பெற்ற அறிவியலாளர் சிலரும் இதே வினாவை எழுப்பினர். அதற்கான விடையைத் தேடிய முதன்மையான ஆய்வு ஒன்று நம் தமிழகத்தின் தலைநகரிலேயே நடைபெற்றது. அதன் வரலாற்றை அறிந்துகொள்வது, காமாலையால் வருந்தும் ஒவ்வொரு குடும்பத்திற்கும் பயன்தரும்.

சென்னையில் நடந்த ஆய்வு

ஹெபடைடிஸ்-பி என்பது கல்லீரலைத் தாக்கும் ஒரு வைரஸ். இதனைக் கண்டறிந்த அமெரிக்க மருத்துவ அறிஞர் பாரூக் புளும்பெர்க் 1976-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். பின்னர் அவரும் அவருடைய குழுவினரும், பல நாடுகளின் மரபு மருத்துவத்தில் மஞ்சள் காமாலைக்கு வழங்கப்படும் செடிகளின்மீது கவனம் செலுத்தினர். காமாலையைத் தணிப்பதாக மக்கள் நம்பும் செடிகளுள் ஏதேனும் ஒன்று இவ்வைரஸை எதிர்க்கக்கூடும் என்பது அவர்கள் கருத்து. கீழாநெல்லி இனத்தின் சாறு ஆய்வுக்குழாயில் வைரஸின் ஒரு முக்கிய நொதியைத் தடுத்ததாகவும், இதே வகை வைரஸால் பாதிக்கப்படும் உட்சக் என்னும் விலங்குகள் சிலவற்றில் பலன் தெரிந்ததாகவும் 1987-இல் அவர்கள் அறிவித்தனர்.

அடுத்த கட்டமாக, சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜனும் அவருடன் பணியாற்றியோரும் புளும்பெர்க்குடன் இணைந்து மனிதரிடம் ஆய்வு நடத்தினர். ஹெபடைடிஸ்-பி வைரஸை உடலில் தாங்கியிருந்தவர்களுள் ஒரு பிரிவினர்க்குக் கீழாநெல்லி மருந்தும், மற்றொரு பிரிவினர்க்கு மருந்துச் சத்து இல்லாத வெற்று மருந்தும் 30 நாள்கள் கொடுக்கப்பட்டன. மருந்து முடிந்து 15 முதல் 20 நாள்களுக்குப் பின் இரத்தம் சோதிக்கப்பட்டது. கீழாநெல்லி உட்கொண்ட 37 பேரில் 22 பேருடைய இரத்தத்தில் வைரஸின் அடையாளமான மேற்பரப்பு ஆன்டிஜென் மறைந்திருந்தது. அதாவது 59 விழுக்காடு. வெற்று மருந்து உட்கொண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அது மறைந்திருந்தது. 1988-ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் இம்முடிவு வெளியாயிற்று.

இஃது எத்துணைப் பெரிய செய்தி என்பதை ஓர் ஒப்பீட்டால் உணரலாம். நாட்பட்ட ஹெபடைடிஸ்-பி உடையோரில் இவ்வடையாளம் தானாக மறைவது ஓராண்டில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர்க்கே. வரப்போரத்துச் செடி ஒன்று அதனைச் சில வாரங்களில் பாதிக்கும் மேற்பட்டோரில் நிகழ்த்தியதென்றால், உலகம் திரும்பிப் பார்த்ததில் வியப்பில்லை.

மறு ஆய்வுகள் காட்டிய முடிவு

மருத்துவ அறிவியலில் ஓர் ஆய்வு முடிந்த முடிபு ஆவதில்லை. அதே மருந்தை வேறு இடத்தில், வேறு மருத்துவர்கள், வேறு நோயாளிகளுக்குக் கொடுத்தாலும் அதே பலன் கிட்ட வேண்டும். 1990-இல் தாய்லாந்து மருத்துவர்கள் தம் நாட்டு நோயாளிகளிடம் கீழாநெல்லியைச் சோதித்து, அது வைரஸின் அடையாளத்தை அகற்றவில்லை என்று அறிவித்தனர். 1994-இல் நியூசிலாந்திலிருந்து வெளியான ஆய்வும் அதே முடிவைத்தான் கூறியது.

இவ்வேறுபாட்டிற்குப் பல காரணங்கள் ஆராயப்பட்டன. கீழாநெல்லி இனத்தில் ஒன்றுபோல் தோன்றும் செடிகள் பல உள்ளன. பறிக்கும் இடம், பருவம், பக்குவப்படுத்தும் முறை ஆகியவற்றிற்கேற்பச் செடியின் சத்தும் மாறக்கூடும். மறுபுறம், முதல் ஆய்வில் பங்கேற்றோர் எண்ணிக்கை சிறியது. ஒப்பிடப்பட்ட இரு பிரிவுகளும் சம அளவின அல்ல. சிறிய ஆய்வுகளில் தற்செயலாகத் தோன்றும் வேறுபாடும் பெரும் பலன்போல் காட்சியளிப்பதுண்டு.

இக்குழப்பத்தைத் தீர்க்க, உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2011-இல் ஒரு மதிப்பாய்வை வெளியிட்டது. 16 ஆய்வுகள், 1,326 நோயாளிகள் அதில் கணக்கில் கொள்ளப்பட்டனர். வெற்று மருந்தைக் காட்டிலும் கீழாநெல்லி இனம் நாட்பட்ட ஹெபடைடிஸ்-பி நோய்க்குப் பலனளிக்கிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்பது அதன் முடிவு. வைரஸ் எதிர்ப்பு மருந்துடன் சேர்த்துக் கொடுக்கும்போது கூடுதல் பலன் இருக்கலாம் என்ற குறிப்பு சில ஆய்வுகளில் தென்பட்டது. எனினும் அவ்வாய்வுகளின் தரம் குறைவாக இருந்தமையால் அதனையும் உறுதியாகக் கொள்ள இயலவில்லை.

அப்படியாயின் பலருக்குக் குணமானது எவ்வாறு?

"என் தந்தைக்குக் குணமானதே, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் குணமானதே" என்று கூறுவோர் பொய் கூறவில்லை. அவர்கள் கண்டது உண்மையே. குணமானதற்கான காரணம் எது என்பதே ஆராயத்தக்கது.

மஞ்சள் காமாலை என்பது ஒரு தனி நோயன்று. பல நோய்களின் அடையாளம். இரத்தத்தில் பிலிருபின் என்னும் மஞ்சள் நிறப்பொருள் மிகும்போது கண்ணும் தோலும் மஞ்சளாகின்றன. நம் பகுதியில் அதற்கு அடிக்கடிக் காரணமாவன மாசுபட்ட நீராலும் உணவாலும் பரவும் ஹெபடைடிஸ்-ஏ, ஹெபடைடிஸ்-இ என்னும் வைரஸ்கள். இவற்றால் வரும் காமாலை பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். அவ்வாறு தணியும் நாள்களில் எதை உட்கொண்டிருந்தாலும், அதுவே குணப்படுத்தியதாகத் தோன்றும். கீழாநெல்லி உட்கொண்டவரும் தேறுவார், உட்கொள்ளாதவரும் தேறுவார். இருவரையும் அருகருகே வைத்து ஒப்பிட்டாலன்றி உண்மை புலப்படாது. கேரள மருத்துவர்கள் இத்தகைய ஒப்பீட்டை நடத்தி 1999-இல் வெளியிட்டனர். திடீரெனத் தோன்றும் வைரஸ் காமாலை நீடிக்கும் காலத்தைக் கீழாநெல்லிப் பொடி குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை என்று அவர்கள் கண்டனர்.

தானே தணியாத காமாலைகளே நம் கவலைக்குரியவை. கருவுற்ற பெண்ணுக்குக் கடைசி மூன்று மாதங்களில் ஹெபடைடிஸ்-இ தொற்றினால், அத்தகையோரில் 100-க்கு 20 முதல் 25 பேர் வரை உயிரிழக்கக்கூடும் என உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. பித்தநாளத்தில் கல்லோ கட்டியோ அடைத்தாலும் காமாலை வரும்; அடைப்பை நீக்கினாலன்றி அது தீராது. வயல் நீரில் நின்று வேலை செய்வோர்க்கு எலிக்காய்ச்சலால் காமாலை வரலாம். அதற்கு உரிய காலத்தில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தேவை. மதுவால் கெட்ட கல்லீரலுக்கு மதுவை முற்றும் விடுவதே முதல் மருந்து. இவை அனைத்திலும் கண்ணில் தெரியும் மஞ்சள் ஒன்றே; சிகிச்சை வேறு வேறு. செடியை அரைத்துக் கொடுத்து எட்டு நாள் காத்திருக்கும்போது இழக்கப்படுவது, திரும்பப் பெற இயலாத காலம்.

ஹெபடைடிஸ்-பி உடையோர் கருத்திற்கு

இவ்வைரஸ் உடலில் இருந்தும், பல ஆண்டுகள் காமாலையோ வேறு அறிகுறியோ தோன்றாமல் இருப்பவர் பலர். 2022-ஆம் ஆண்டு உலகில் 25 கோடியே 40 லட்சம் மக்கள் நாட்பட்ட ஹெபடைடிஸ்-பி தொற்றுடன் வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. பெரியவர்களுக்குப் புதிதாகத் தொற்றினால் 100-க்கு 5-க்கும் குறைவானோர்க்கே அது நாட்பட்ட நோயாகும். ஏனையோர் உடலே அதனை வென்றுவிடும். பச்சிளம் குழந்தைக்குத் தொற்றினாலோ ஏறத்தாழ 95 பேருக்கு நாட்பட்டதாகிவிடும். எனவேதான் பிறந்த 24 மணி நேரத்திற்குள் தடுப்பூசி போடப்படுகிறது. இத்தடுப்பூசிக்கு ஈடாக எந்த மூலிகையும் இல்லை.

நாட்பட்ட நோய் உடையோரில் தேவைப்படுவோர்க்கு டெனோஃபோவிர், என்டெகாவிர் போன்ற மாத்திரைகள் தரப்படுகின்றன. இவை வைரஸை முற்றும் அழிப்பது அரிது. ஆயினும் அதனை அடக்கி, கல்லீரல் சுருக்கமும் புற்றுநோயும் வரும் வாய்ப்பைக் குறைக்கின்றன. மூலிகையை நம்பி இம்மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் வைரஸ் மீண்டும் பெருகி, கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்படலாம். மருந்துச் செலவை எண்ணி நிறுத்துவோர் அறிய வேண்டியது ஒன்றுண்டு: 2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்ட தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ்ச் சோதனையும் மருந்தும் இலவசமாக வழங்கப்படுகின்றன. அருகிலுள்ள சிகிச்சை மையம் எது என்பதை அரசு மருத்துவமனையில் கேட்டறியலாம். அந்த ஜூலை 28, புளும்பெர்க்கின் பிறந்தநாளும் ஆகும். உலக ஹெபடைடிஸ் நாளாக அது கடைப்பிடிக்கப்படுகிறது.

இயற்கையானது என்பதாலேயே தீங்கற்றதாகுமா?

மூலிகைகளை மருத்துவ அறிவியல் வெறுப்பதில்லை. மரபு மருத்துவத்தில் வழங்கிய சர்ப்பகந்தா வேர் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதை, மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-இல் உலக மருத்துவர்களின் கவனத்திற்குக் கொண்டுவந்தார். பழைய சீன மருத்துவ நூல்களின் துணையுடன் மலேரியாவுக்கு ஆர்ட்டிமிசினின் என்னும் மருந்தைக் கண்ட து யூயூ 2015-இல் நோபல் பரிசு பெற்றார். கீழாநெல்லியும் அதே உரைகல்லில்தான் உரசிப் பார்க்கப்பட்டது; இதுவரை அத்தேர்வில் வெல்லவில்லை.

கல்லீரல் நோயாளிகள் மற்றொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். நாம் உட்கொள்ளும் பொருள்களில் பெரும்பாலானவற்றைப் பக்குவப்படுத்துவது கல்லீரலே. கோவிட் காலத்தில் எதிர்ப்பாற்றலுக்கெனச் சீந்தில் உட்கொண்ட 6 பேருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாக மும்பை மருத்துவர்கள் 2021-இல் அறிவித்தனர். ஆயுஷ் அமைச்சகம் இதனை மறுத்தது. உட்கொள்ளப்பட்ட செடி சீந்தில்தானா என்பதே உறுதி செய்யப்படவில்லை என்று சுட்டியது. இவ்வாதத்தில் எப்பக்கம் நின்றாலும் நோயாளிக்குரிய பாடம் ஒன்றே: எந்தச் செடி, எவ்வளவு, எத்தனை நாள் என்பது தெரியாமல் உட்கொள்வது நோயுற்ற கல்லீரலின்மீது மற்றொரு சுமையை ஏற்றுவதாகும்.

குடும்பத்தார் செய்ய வேண்டியவை

கண்ணில் மஞ்சள் தெரிந்தால், முதலில் இரத்தப் பரிசோதனை செய்து காமாலையின் காரணத்தை அறிந்துகொள்ளுங்கள். கருவுற்ற பெண்கள், பச்சிளம் குழந்தைகள், முதியோர், மது அருந்துவோர், ஏற்கெனவே கல்லீரல் நோய் உடையோர் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

பேச்சுத் தடுமாற்றம், மிகுந்த உறக்கம், குழப்பம், இரத்த வாந்தி, கரிய மலம், ஈறுகளில் இரத்தக் கசிவு, வயிறு வீங்குதல், குளிருடன் கூடிய காய்ச்சல், ஓயாத வாந்தி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று தோன்றினாலும் இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்கு வாருங்கள். மலம் வெளுத்து, உடலெங்கும் அரிப்பு இருந்தால் பித்தநாள அடைப்பு இருக்கக்கூடும். அதனை மருத்துவரிடம் தவறாது கூறுங்கள்.

கடும் பத்தியம் என்று நோயாளியைப் பட்டினி போடாதீர்கள். தேறுவதற்கு உணவு வேண்டும். காய்ச்சி ஆறவைத்த நீரையே பருகக் கொடுங்கள். மது ஒரு துளியும் கூடாது.

கீழாநெல்லியோ வேறு மூலிகையோ ஏற்கெனவே கொடுத்திருந்தால் மறைக்க வேண்டா. அதற்காக எவரும் உங்களைக் கடிந்துகொள்ளலாகாது. அச்செய்தி சிகிச்சைக்குத் தேவையானது. இயன்றால் அச்செடியையோ பொட்டலத்தையோ உடன் கொண்டுவாருங்கள். சித்த மருத்துவம் பெற விரும்புவோர் முறையாகப் பயின்ற சித்த மருத்துவரை அணுகி, இங்குச் செய்த பரிசோதனை முடிவுகளை அவரிடமும் காட்டுங்கள். எங்கள் மருத்துவரிடமும் அதனைத் தெரிவியுங்கள். இரு தரப்பாரும் அறிந்து செய்யும் சிகிச்சையே நோயாளிக்குப் பாதுகாப்பு.