அப்ளிகேஷன் சர்வரும் அஞ்சறைப் பெட்டியும்

நம் சங்கத்துக் குடும்பங்களில் கணிப்பொறித் துறைப் பிள்ளைகள் அதிகம். நடுராத்திரியில் ‘சர்வர் விழுந்துடுச்சு’ என்று போன் வந்து அவர்கள் எழுந்து உட்காருவதைப் பெற்றோர் பார்த்திருப்பார்கள். அதற்கான காரணங்களில், அதிகம் பேசப்படாத ஒன்றைச் சொல்கிறேன்.

பெரிய நிறுவனங்களின் ஜாவா நிரல்களை ஓட்டும் மேடைக்குத்தான் அப்ளிகேஷன் சர்வர் என்று பெயர். தரவுத்தளத் தொடர்பு, பயனர் சரிபார்ப்பு எல்லாம் அதன் பொறுப்பு. வெளியார் எழுதிய கூடுதல் உறுப்புகளையும் அதில் பொருத்தலாம்; செய்திகளை வரிசைப்படுத்தி அனுப்ப ஒன்று, கண்காணிக்க ஒன்று என்று. ஒவ்வொன்றுக்கும் சில அமைப்பு விவரங்கள் வேண்டும்: எந்த போர்ட், எத்தனை நொடி காத்திருப்பது, என்ன கடவுச்சொல். இவற்றை எங்கே எழுதி வைப்பது?

உறுப்பே தனக்கென ஒரு கோப்பு வைத்துக்கொள்வது சுலபம். நான் பார்த்த ஓர் அலுவலகத்தில் அப்படித்தான் இருந்தது. புதிய பதிப்பை நிறுவியபோது பழைய கோப்பின் மேலேயே புதுக்கோப்பு எழுதப்பட்டு, நிர்வாகிகள் மாதக்கணக்கில் திருத்தி வைத்த எண்களெல்லாம் போச்சு. காப்புப் பிரதியிலும் இல்லை. ஏனென்றால் சர்வரின் கோப்புகளை மட்டுந்தான் காப்பு எடுத்து வந்தார்கள். இப்படியொரு கோப்பு தனியாகக் கிடப்பது யாருக்கும் ஞாபகம் இல்லை.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் தொடங்கிய கிளாஸ்ஃபிஷ் சர்வர், 2009 டிசம்பரில் வந்த மூன்றாம் பதிப்பில் இதற்கு நல்ல வழி செய்தது. சர்வரின் விவரங்கள் பெரும்பாலும் டொமைன் எக்ஸ்எம்எல் என்ற ஒரே கோப்பில் இருக்கும். உறுப்பை எழுதுபவர் தனக்கு வேண்டிய விவரங்களை ஒரு ஜாவா இன்டர்ஃபேஸாக எழுதி, ‘கான்ஃபிகர்ட்’ என்று குறியிட்டால் போதும். கோப்பைப் படிப்பது, எழுதுவது எல்லாம் சர்வரின் வேலை. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டி மாதிரிதான்: பெட்டி ஒன்று, கடுகுக்கும் சீரகத்துக்கும் தனித்தனிக் கிண்ணம்.

மாற்றங்கள் பரிவர்த்தனையாக நடக்கும். வங்கியில் பணம் மாற்றுவது போல, பாதியில் தவறினால் எதுவுமே மாறாது. மதிப்பு மாறியதும் அந்த உறுப்புக்குத் தகவல் போகும். அதைக் கேட்டு நடக்கும்படி உறுப்பை எழுதியிருந்தால் பல சமயம் சர்வரை நிறுத்தி ஓட்ட வேண்டியதில்லை.

2013-இல் வந்த நான்காம் பதிப்பின் மாற்றம் இதைவிட எனக்குப் பிடித்தது. இயல்பான மதிப்புகள் உறுப்புக்குள்ளேயே இருக்கும். நாம் மாற்றினால்தான் டொமைன் எக்ஸ்எம்எல்லுக்குள் வரும். கோப்பும் வீங்காது, எது மாற்றப்பட்டது என்று தேடுவதும் சுலபம்.

2011-இல் வந்த ஜேபாஸ் ஏழாம் பதிப்பிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான்; ஒரே கோப்பில் உறுப்புக்கு ஒரு பகுதி. பழைய நிலைகளையும் ஒரு வரலாற்று அடைவில் சேர்த்து வைக்கும். இந்த விஷயத்தில் ஜேபாஸ்தான் ஒரு படி மேல் என்பேன்.

கடவுச்சொல்லை மட்டும் டொமைன் எக்ஸ்எம்எல்லில் அப்படியே எழுதக் கூடாது. கிளாஸ்ஃபிஷில் அதற்கு ஒரு மாற்றுப்பெயர் கொடுத்து, அந்தப் பெயரை மட்டும் குறிக்கலாம். உண்மையான சொல் மறையாக்கப்பட்ட வேறொரு கோப்பில் இருக்கும். அதுவும் அதே கான்ஃபிக் அடைவில்தான் இருக்கிறது. ஆகவே காப்பு எடுப்பவர்கள் டொமைன் எக்ஸ்எம்எல்லோடு நிறுத்தாமல் அடைவு முழுவதையும் எடுத்து வைக்க வேண்டும்.