யுத்தம் தின்ற வெள்ளி

நாணயத்தின் மாற்றைக் குறைத்து லாபம் காண்பதைப் போர்த்துகல் அரசர்கள் தங்கள் பிறப்புரிமையாகக் கருதிவந்த காலத்தில், 1261ஆம் ஆண்டு கோயிம்ப்ரா நகரில் கூடிய கோர்தெஸ் என்னும் பிரதிநிதிகள் சபை, வரியை வேண்டுமானால் பெற்றுக்கொள்க, நாணயத்தில் மனம்போல் கை வைக்கலாகாது என்னும் கருத்துப்பட, அரசர் மூன்றாம் அஃபோன்சோவின் உரிமைக்கு வரம்பு கட்டியது. அச்சபையோர் அஞ்சியது எத்துணை நியாயமானது என்பதை அடுத்த நூற்றாண்டின் யுத்தங்கள் காட்டின.

அண்டை நாடாகிய காஸ்டீலின் அரியணைக்கு உரிமை கோரி 1369இல் போரில் இறங்கிய போர்த்துகல் அரசர் முதலாம் பெர்னாந்து, முன்னோர் சேர்த்துவைத்த கஜானா கரையவே, செம்பு மிகுந்த பார்பூதா, கிராவெ, பிலார்தெ என்னும் காசுகளை வெளியிட்டார். தலைக்கவசம், ஈட்டி முதலிய படைக்கலங்களைச் சார்ந்தே அப்பெயர்கள் எழுந்தன என்று பெர்னாவ் லோப்பெஸ் தம் சரித்திரத்தில் கூறுகிறார். ஒரு மார்க்கு எடை, அதாவது ஏறக்குறைய 230 கிராம் வெள்ளியோடு செம்பைக் கூட்டி, முன்னைவிட அதிகமான காசுகளை அக்கசாலையில் அடித்து, வெள்ளி கொண்டுவந்தவனுக்கு ஒரு பகுதியைக் கொடுத்து, எஞ்சியதைத் தம்முடையதாக்கிக்கொள்வதே அரசர் லாபம் அடைந்த வழி. விலைவாசி ஏறி, ஜனங்கள் முறையிட்டபோது, சோல்தோ என்னும் பணக் கணக்கில் 20 என மதிக்கப்பட்ட பார்பூதா 14 சோல்தோவாகக் குறைக்கப்பட்டது. அந்தத் திருத்தத்தின் நஷ்டமும், அன்று அக்காசைக் கையில் வைத்திருந்த எளியவன் தலையிலேயே விழுந்தது.

பெர்னாந்து 1383இல் ஆண் வாரிசின்றி மறைய, காஸ்டீல் அரசர் படையெடுத்து வந்தார். அவரை எதிர்த்து நின்ற அவிஸ் சமயப் போர்வீரர் சங்கத்தின் தலைவர் ஜோவாம், 12 பங்கு தூய வெள்ளி என்னும் கணக்கில் 9 பங்கு வெள்ளியுள்ள ரியால் என்னும் காசை முதலில் அடிப்பித்து, பின்னர் அதை 6, 5 எனப் படிப்படியாக இறக்கினார். 1385 ஆகஸ்ட் 14ஆம் நாள் அல்ஜுபரோட்டாவில் வென்று நாட்டின் சுதந்திரத்தைக் காத்து, அரசராகவும் விளங்கிய அவரை, படையெடுப்பின் நெருக்கடியில் செய்த காரியத்துக்காக நான் பழிக்கமாட்டேன். ஆயின் போரின் உக்கிரம் தணிந்த பின்னரும் அந்த வழக்கம் விடாது தொடர்ந்து, வெள்ளி மேன்மேலும் குறைந்து செம்பே மிஞ்சியதைப் பொறுக்க மனம் இடந்தரவில்லை. லிப்ரா என்னும் பழைய பணக் கணக்கில் குத்தகை எழுதிவைத்த நிலவுடைமையாளரும் மடாலயங்களும், பெயருக்கு அதே தொகையைப் பெற்றுக்கொண்டு, அதன் மதிப்பை இழந்தனர். பதினைந்தாம் நூற்றாண்டில், பழைய ஒப்பந்தங்களின் லிப்ரா ஒன்றுக்குப் புதிய லிப்ரா 500 என்றும், பின்னர் 700 என்றும் கொடுத்துத் தீர்க்க வேண்டுமெனச் சட்டமே செய்ய நேர்ந்தது.