உங்களுக்குத் தெரியுமா? கறியைப் புகையில் வேகவைக்கும் அடுப்புகள்

அமெரிக்காவில் கொல்லைப்புறத்தோடு வீடு வாங்குகிறவர்கள் ஆசைப்படும் பொருள்களில் ஸ்மோக்கரும் ஒன்று. கடைக்குப் போனால் முட்டை வடிவம், உருளை வடிவம், அலமாரி வடிவம் என்று வரிசையாக நிற்கும். விலை சில நூறு டாலரில் தொடங்கிப் பல ஆயிரம் வரை போகும். ஆனால் எல்லாமே செய்வது ஒரே வேலைதான். 107 முதல் 121 டிகிரி செல்சியஸ் வரையிலான மிதமான சூட்டில், மரப்புகை படர, கறியை மணிக்கணக்கில் வேகவைப்பது. நெருப்பைப் பார்த்துக்கொள்ளப் போவது நீங்களா, அடுப்பா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். விலையையும் அளவையும் அப்புறம் பேசலாம்.

● டெக்சாஸின் பெருமை ஆஃப்செட் ஸ்மோக்கர். கிடையாகப் படுத்த ஓர் இரும்பு உருளை. அதன் ஒரு கோடியில் சற்றுத் தாழ்வாக எரியறை, மறுகோடியில் புகைபோக்கி. எரியறையில் விறகு எரிய, சூடும் புகையும் கறியின் மேல் ஓடிப் புகைபோக்கி வழியே வெளியேறும். எண்ணெய் வயல்களில் மிஞ்சிய தடித்த குழாய்களையும் பழைய புரொப்பேன் தொட்டிகளையும் வெட்டி, வெல்டர்கள் உருவாக்கிய அடுப்பு இது. ஆஸ்டின் நகரில் 2009இல் ஒரு டிரெய்லரில் கடை போட்டு, 2015இல் சமையலுக்கான ஜேம்ஸ் பியர்ட் விருது வாங்கிய ஆரன் ஃபிராங்க்ளின் புகழ்பெற்றது புரொப்பேன் தொட்டிகளில் செய்த இத்தகைய அடுப்புகளால்தான். அவர் எரிப்பது போஸ்ட் ஓக் என்ற கருவாலி விறகு.

இதில் நெருப்பைப் பார்த்துக்கொள்ள உங்களைவிட்டால் ஆள் கிடையாது. முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை, மிஞ்சிப் போனால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை, விறகு வைத்தாக வேண்டும். மாட்டின் நெஞ்சுக்கறியான பிரிஸ்கெட் வேக 12 மணி நேரத்துக்கும் மேல் ஆகும். அத்தனை நேரமும் நெருப்போடு இருக்கப் பிரியப்படுகிறவருக்கு இதைவிடச் சுவையான அடுப்பு வேறில்லை. ஆனால் விலை குறைவு என்று மெல்லிய தகட்டில் செய்த ஆஃப்செட்டை வாங்காதீர்கள். கதவிடுக்கெல்லாம் புகை கசியும், காற்றடித்தால் சூடு இறங்கிவிடும். தகடு 6 மில்லிமீட்டர் கனமாவது இருக்க வேண்டும். அதற்குப் பணம் போதவில்லையா, வேறு வகைக்குப் போய்விடுங்கள்.

● புகை அதிகமானால் சுவை கூடும் என்பது தவறு. அடர்ந்த வெண்புகை, விறகு மூச்சுத் திணறி எரிவதன் அடையாளம். அதிலுள்ள கிரியோசோட் கறியில் படிந்து கசக்கும். நல்ல நெருப்பின் புகை மெலிந்து, லேசான நீல நிறத்தில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். மரத்திலுள்ள லிக்னின் என்ற பொருள் சிதையும்போது பிறக்கும் குவாயகால், சிரிங்கால் ஆகிய சேர்மங்கள்தான் நாம் புகைவாசம் என்று உணர்வதில் பெரும்பங்கு. ஈர விறகோடு அடுப்பங்கரையில் போராடிய நம் பாட்டிமார்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஈரப்பதம் 20 சதவீதத்தை ஒட்டி இருக்கும்படி காய்ந்த, கடினமான மரமே வேண்டும். ஹிக்கரி, ஓக், பீக்கன், ஆப்பிள், செர்ரி எல்லாம் ஆகும். பைன் ஆகவே ஆகாது, அதில் பிசின் அதிகம்.

● நெருப்பு பற்ற வைப்பதே தெரியாதவருக்கும் ஓர் அடுப்பு உண்டு. ஓரிகன் மாநிலத்தின் மவுண்ட் ஏஞ்சல் என்ற சிற்றூரில் ஜோ டிரேகர் 1985இல் உருவாக்கிய பெல்லட் கிரில் அது. மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சித்துண்டுகள்தான் பெல்லட். ஒரு திருகுக்கம்பி அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவிடும், சூடேறிய கம்பி பற்ற வைக்கும், விசிறி ஊதும். வேண்டிய சூட்டைப் பொத்தானில் வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். 1986இல் பெற்ற காப்புரிமை 2006இல் முடிந்த பிறகு பல நிறுவனங்கள் இதில் இறங்கின. குறைந்த சூட்டில் மணிக்கு அரை முதல் ஒரு கிலோ வரை பெல்லட் ஆகும். எரிதல் அவ்வளவு சுத்தமாக நடப்பதால் புகைவாசம் மென்மையாகவே இருக்கும், அது சிலருக்குக் குறையாகப் படும். இன்னொன்று, பெல்லட் நனையக் கூடாது. நனைந்தால் ஊதித் தூளாகி, திருகுக்கம்பியில் சிக்கிக்கொள்ளும். மின்சாரம் நின்றால் அடுப்பும் நிற்கும்.

குழந்தைகளை வைத்துக்கொண்டு வேலைக்கும் ஓடும் வீட்டுக்கு இதைத்தான் சொல்வேன். நெருப்போடு மல்லுக்கட்டுவதுதான் உண்மையான சமையல் என்று இதை மட்டம் தட்டுவோர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

● 1952இல் ஜார்ஜ் ஸ்டீபன் சிகாகோவில் ஓர் உலோகப் பட்டறையில் வேலை பார்த்தார். கடலிலும் ஏரியிலும் மிதக்கவிடும் மிதவைகளை அங்கே செய்தார்கள். மிதவைக்கான அரைக்கோளத்தில் கால் வைத்து, இன்னோர் அரைக்கோளத்தை மூடியாக்கினார். அதுதான் வெபர் கெட்டில். இது ஸ்மோக்கரே இல்லையே என்பீர்கள். கரிக்கட்டிகளைச் சுவரோரமாக ஒரு பாம்பு சுருண்டதுபோல் அடுக்கி, ஒரு முனையில் மட்டும் பற்ற வைத்தால், கங்கு மெல்ல மெல்ல நகர்ந்து பல மணி நேரம் தாங்கும். கறியை எதிர்ப்பக்கம் வைத்து மூடினால் ஸ்மோக்கர் ரெடி. முதன்முறை வாங்குகிறவருக்கு என் பரிந்துரை இதுவே. புகையில் சமைப்பது பிடிக்காமல் போனாலும் கோழி சுட உதவும்.

● கெட்டிலை விற்கும் அதே வெபர் நிறுவனம் 1981இல் கொண்டுவந்த ஸ்மோக்கி மௌண்டன் துப்பாக்கிக் குண்டு வடிவில் நிமிர்ந்து நிற்கும். அடியில் கரி, நடுவில் தண்ணீர்த் தட்டு, மேலே கறி. தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் ஏறாது, அதனால் அடுப்பின் சூட்டையும் எகிற விடாது. பற்றாத கரியை நிரப்பி அதன் தலையில் மட்டும் கொஞ்சம் கங்கைக் கொட்டும் மினியன் முறையில் ஓர் இரவு முழுக்கக் காயும். இடம் குறைவு, விலை நியாயம்.

● கமாடோ என்னும் முட்டை அடுப்பு ஜப்பானிய மரபிலிருந்து வந்தது. எட் ஃபிஷர் 1974இல் அட்லாண்டாவில் இவ்வகை அடுப்பை விற்கும் பிக் கிரீன் எக் நிறுவனத்தைத் தொடங்கினார். தடித்த பீங்கான் சுவர் சூட்டை வெளியே விடாது. ஒரு தடவை கரி நிரப்பினால் 12 மணி நேரத்துக்கும் மேல் போகும், கடுங்குளிரிலும் அசையாது. ஆனால் பெரிய அளவு முட்டையின் எடையே சுமார் 73 கிலோ. கீழே விழுந்தால் உடையும். சூட்டை ஏற்றுவது சுலபம், இறக்குவதுதான் கடினம். அவசரப்பட்டுக் காற்றுவழியை அகலத் திறந்துவிட்டால், பீங்கான் ஆறும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அனல் ஏறிய நிலையில் மூடியைப் படாரென்று திறக்கக் கூடாது. திடீரென்று உள்ளே புகும் காற்றில் நெருப்பு குப்பென்று முகத்துக்கு எழும்பும். முதலில் லேசாகத் தூக்கி, மூச்சுவிட நேரம் கொடுத்துத் திறக்க வேண்டும்.

● 208 லிட்டர் இரும்பு டிரம்மிலும் ஸ்மோக்கர் செய்கிறார்கள். கறியிலிருந்து ஒழுகும் கொழுப்பு நேரே கங்கில் விழுந்து புகைவதுதான் இதன் தனிச்சுவை. உணவுப்பொருள் இருந்த டிரம்மாக, உள்பூச்சு இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். துத்தநாகம் பூசியதைத் தொடவே வேண்டாம்.

● மின் ஸ்மோக்கரில் சமைத்த கறியை வெட்டினால் விறகிலோ கரியிலோ சமைத்ததன் ஓரத்தில் தெரியும் இளஞ்சிவப்பு வளையம் பெரும்பாலும் இருக்காது. விறகோ கரியோ எரியும்போது உண்டாகும் நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் கறியின் மயோகுளோபினோடு சேர்ந்து நிறத்தை நிலைக்க வைப்பதால் வருவது அந்த வளையம். அதற்குத் தனிச் சுவை எதுவும் கிடையாது. எனவே வளையம் இல்லை என்பதற்காக மின் ஸ்மோக்கரை ஒதுக்க வேண்டாம். மீனுக்கும் சாசேஜுக்கும் பாலாடைக்கட்டிக்கும் அது அருமையானது. கோழிக்கு மட்டும் சரிப்படாது. பல மாடல்கள் 135 டிகிரியைத் தாண்டாது என்பதால் தோல் ரப்பராகிவிடும்.

● எந்த அடுப்பானாலும் பிரிஸ்கெட் ஒரு கட்டத்தில் மக்கர் செய்யும். உள்சூடு 65 முதல் 75 டிகிரிக்குள் வந்ததும் மணிக்கணக்கில் நகராமல் நிற்கும். அடுப்பில் கோளாறு என்று புதியவர்கள் பதறுவார்கள். உண்மையில் கறி வியர்க்கிறது. மேற்பரப்பின் ஈரம் ஆவியாகிக் குளிர்விக்கிறது. இயற்பியலாளர் கிரெக் பிளாண்டர் நனைத்த பஞ்சு ஒன்றையும் கொழுப்புக்கட்டி ஒன்றையும் ஸ்மோக்கரில் வைத்துப் பார்த்தார். பஞ்சின் சூடு தேங்கி நின்றது, கொழுப்பின் சூடு ஏறிக்கொண்டே போனது. கறியை அலுமினியத் தாளிலோ கசாப்புக் கடைக் காகிதத்திலோ சுற்றிவிட்டால் தேக்கம் உடையும். பிரிஸ்கெட் பதமாவது சுமார் 95 டிகிரியில். கோழிக்கு 74 டிகிரி போதும். மூடியிலிருக்கும் சூடுமானியை நம்ப வேண்டாம், கறி இருக்கும் கம்பிவலை மட்டத்தில் ஒன்று வையுங்கள்.

● வாங்கவே வேண்டாத ஸ்மோக்கரும் உண்டு. கரோலினா மாநிலங்களில் ஹாலோ பிளாக் கற்களை இடுப்புயரம் அடுக்கி, மேலே கம்பிவலை போட்டு, முழுப் பன்றியை வேகவைக்கிறார்கள். விறகைத் தனியே ஒரு டிரம்மில் எரித்து, விழும் தணலை மண்வெட்டியால் அள்ளி அடியில் பரப்புவார்கள். சவுத் கரோலினாவின் ராட்னி ஸ்காட் இந்த முறையில் சமைத்தே 2018இல் ஜேம்ஸ் பியர்ட் விருது பெற்றார். அமெரிக்கத் தென்மாநிலங்களின் இந்தச் சமையலை வளர்த்தவர்களில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள் முதன்மையானவர்கள். இரவெல்லாம் குழி வெட்டி, தணல் பரப்பி, கறியைத் திருப்பியவர்கள் அவர்கள். அடுப்பு விளம்பரங்களைப் பார்க்கும்போது அவர்களை மறக்கக் கூடாது.

● ஆட்டுக்கறிக்காரர்களுக்கு ஒரு செய்தி: டெக்சாஸின் பிரேடி நகரில் ஆண்டுதோறும் ஆட்டுக்கறிக்கென்றே புகைச்சமையல் போட்டி நடக்கிறது.

● அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறீர்களா? தீப்பற்றக்கூடிய கட்டடப் பகுதியிலிருந்து 10 அடிக்குள் கரி அடுப்பு எரிக்கப் பல ஊர்களின் தீ விதிகள் அனுமதிப்பதில்லை. வாங்கும் முன் குடியிருப்பு அலுவலகத்தில் கேளுங்கள். மழை வந்தாலும் கராஜுக்குள் இழுக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, ஆளையே கொல்லும்.

● பழைய ஸ்மோக்கர் மலிவாகக் கிடைத்தால் மூடியின் பளபளப்பைப் பார்க்காமல் எரியறையின் அடித்தட்டைத் தட்டிப் பாருங்கள். சாம்பலும் மழைநீரும் சேர்ந்தால் இரும்பை அரிக்கும். கணீரென்று கேட்டால் எடுக்கலாம். மந்தமாகக் கேட்டாலோ விரல் பட்ட இடத்தில் துரு உதிர்ந்தாலோ விட்டுவிடுங்கள். வாங்கி வந்த அடுப்பில் கறி வைக்கும் முன் உள்பக்கம் எண்ணெய் தடவி, இரண்டு மூன்று மணி நேரம் வெறும் நெருப்பில் காய வைக்க வேண்டும்.