பத்து ஊர், ஒரே கிலோமீட்டர்

சேலத்தில் 10 கிலோமீட்டரை 52 நிமிடத்தில் ஓடிய ஒருவர், அடுத்த மாதம் ஈரோட்டில் அதே தூரத்தை 50 நிமிடத்தில் முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நான்கு வாரப் பயிற்சி பலித்துவிட்டதா? அல்லது இரண்டாவது பாதை 400 மீட்டர் குறைவாக இருந்ததா? பந்தயங்கள் தனித்தனியாக நடக்கும்வரை இது அவருடைய சொந்தச் சந்தேகம். பல ஊர்ப் பந்தயங்களை ஒரே தொடராகக் கட்டி, ஆண்டு முழுக்கப் புள்ளி போட்டு, கடைசியில் ஒருவரை முதல்வர் என்று அறிவிக்கப்போகிறோம் என்றால், அது எல்லோருடைய சந்தேகமும் ஆகிவிடும்.

சாலை ஓட்டத் தொடர் நடத்தப் புறப்படுகிறவர்கள் கூடும் முதல் கூட்டத்தில் மெடல், டி-ஷர்ட், ஸ்பான்சர், போலீஸ் அனுமதி என்று பேச்சு ஓடும். எல்லாம் வேண்டியவைதான். ஆனால் தொடரைத் தாங்கி நிற்பது பாதையின் அளவு. கடைக்குக் கடை படிக்கல் மாறும் சந்தையில் விலையைப் பேசி என்ன பயன்? சாலையைச் சரியாக அளப்பது எப்படி என்பதை எந்த அரசும் பெரிய நிறுவனமும் கண்டுபிடித்துத் தரவில்லை. வேலைக்குப் போய்வந்து, ஓய்வு நேரத்தில், சம்பளமில்லாமல் ஓட்டக்காரர்களே அதை உருவாக்கினார்கள். நம் ஊர் ஓட்டக் குழுக்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு அது.

1950களின் அமெரிக்காவில் பாஸ்டன் மராத்தான் போன்ற ஒருசில பந்தயங்கள் நீங்கலாகச் சாலை ஓட்டத்தைச் சீந்துவார் இல்லை. 1948, 1952 ஒலிம்பிக் போட்டிகளில் ஸ்டீபிள்சேஸ் ஓடிய பிரவுனிங் ராஸ், 1956இல் ‘லாங் டிஸ்டன்ஸ் லாக்’ என்ற சிறு பத்திரிகையைத் தொடங்கினார். எந்த ஊரில் என்ன ஓட்டம், யார் எத்தனை நிமிடத்தில் முடித்தார் என்ற விவரங்கள்தான் அதன் சரக்கு. பிரிட்டனில் 1952 முதல் ரோடு ரன்னர்ஸ் கிளப் இயங்கிவந்தது. அதுபோல இங்கும் ஒன்று வேண்டும் என்று 1957இல் ராஸ் தன் பத்திரிகையில் எழுதினார். 1958 பிப்ரவரியில் ரோடு ரன்னர்ஸ் கிளப் ஆஃப் அமெரிக்கா பிறந்தது. ஊருக்கு ஊர் கிளைகள் முளைத்தன. அதே ஆண்டு தொடங்கிய நியூயார்க் கிளைக்கு முதல் தலைவராக வந்தவர் டெட் கார்பிட்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1919இல் தென் கரோலினாவில் பிறந்தவர். அடிமைகளாக இருந்தவர்களின் பேரன். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக மராத்தான் ஓடினார். ஒலிம்பிக் மராத்தானில் அந்த நாட்டுக்காக ஓடிய முதல் கறுப்பினத்தவர் அவரே. பிழைப்புக்குப் பிசியோதெரபிஸ்ட் வேலை. வீட்டிலிருந்து வேலைக்கு ஓடியே போவதும் உண்டு. அதிகம் பேசாத மனிதர். பல ஊர்களின் முடிவுகள் ஒரே பத்திரிகையில் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகும்போது எழுகிற கேள்வியைக் கடைசிவரை துரத்தியவர் அவர்தான்: இந்த ஊர் 10 மைலும் அந்த ஊர் 10 மைலும் ஒன்றுதானா?

அன்றைக்குப் பல பாதைகள் கார் மீட்டரைப் பார்த்து அளக்கப்பட்டவை. கார் மீட்டருக்குச் சில விழுக்காடு பிசகு சாதாரணம். 10 கிலோமீட்டரில் 2 விழுக்காடு என்றால் 200 மீட்டர். தவிர, கார் போகும் வழி வேறு, ஓட்டக்காரர் போகும் வழி வேறு. வளைவில் கார் தன் தடத்தில் அகன்று திரும்பும். ஓடுகிறவர் உள்விளிம்பை ஒட்டித் திரும்புவார்.

பிரிட்டிஷ் கிளப்பைச் சேர்ந்த ஜான் ஜூவல் 1961இல் இதற்கு ஒரு வழி எழுதினார். சைக்கிள்தான் கருவி. முதலில் நேரான சாலை ஒன்றில் ஒரு துண்டை எஃகு டேப்பால் மிகத் துல்லியமாக அளந்து ஆணி அடித்துக்கொள்ள வேண்டும். அந்தத் துண்டில் சைக்கிளை ஓட்டி, சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ண வேண்டும். பிறகு பந்தயப் பாதையில் ஓட்டி எண்ண வேண்டும். பாதையின் எண்ணிக்கையைத் துண்டின் எண்ணிக்கையால் வகுத்து, துண்டின் நீளத்தால் பெருக்கினால் தூரம் கிடைத்துவிடும். கார்பிட் இதைத் தானே செய்துபார்த்து, சாலைகளை அளப்பதைப் பற்றி 1964இல் ஒரு விரிவான கையேட்டை வெளியிட்டார். அமெரிக்காவில் பாதைகளுக்குச் சான்றிதழ் தரும் முறைக்கு அதுவே அடித்தளம். 1971இல் ஆலன் ஜோன்ஸ் என்ற பொறியாளர் சைக்கிளின் முன்சக்கர அச்சில் பொருத்தும் சிறிய எண்ணி ஒன்றை வடிவமைத்தார். ஜோன்ஸ் கவுன்ட்டர் என்று அதற்குப் பெயர். இன்று புழங்கும் வகை, சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு 23க்கு மேல் எண்ணும். அதாவது ஒவ்வோர் எண்ணும் சுமார் 9 சென்டிமீட்டர். செயற்கைக்கோள்கள் தலைக்கு மேல் சுற்றும் இந்தக் காலத்திலும் உலக அளவில் சாலைப் பந்தயப் பாதைகளுக்குச் சான்று தருவது இந்தச் சைக்கிள் முறையில்தான்.

இதில் உள்ள கவனத்தை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. அளவுத் துண்டு 300 மீட்டருக்குக் குறையக் கூடாது. பாதையை அளப்பதற்கு முன் நான்கு முறையும் அளந்த பின் நான்கு முறையும் அந்தத் துண்டில் ஓட்டிச் சரிபார்க்க வேண்டும். காரணம் டயர். வெயில் ஏற ஏற டயருக்குள் காற்று விரிந்து சக்கரத்தின் சுற்றளவு மாறும். விடியற்காலையில் தொடங்கி ஒன்பது மணிக்கு முடித்தால் வித்தியாசம் எண்ணிக்கையிலேயே தெரியும். எஃகு டேப்பும் வெயிலில் நீளும். அது 20 டிகிரிக்கு வடிவமைத்தது என்பதால் அதற்கும் கணக்கில் திருத்தம் உண்டு. சைக்கிளை ஓட்டுகிறவர், ஓட்டக்காரர் சட்டப்படி போகக்கூடிய மிகக் குறுகிய வழியில், நடைபாதை விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, வளைவுக்கு வளைவு குறுக்கே நேர்கோடாகப் போக வேண்டும். எல்லாம் முடிந்த பிறகும் ஆயிரத்துக்கு ஒரு பங்கு தூரத்தைக் கூட்ட வேண்டும். 10 கிலோமீட்டருக்கு 10 மீட்டர், மராத்தானுக்கு 42 மீட்டர். எந்தப் பிசகு நேர்ந்தாலும் பாதை குறைந்துவிடக் கூடாது என்பதற்கான காப்பு அது.

இவ்வளவு கண்டிப்பு தேவையா என்று கேட்பவர்களுக்கு 1981 நியூயார்க் மராத்தானைச் சொல்லலாம். ஆல்பர்ட்டோ சலசார் 2 மணி 8 நிமிடம் 13 விநாடியில் வந்து, டெரெக் கிளேட்டன் 1969இல் நிறுவிய உலகச் சாதனையைச் சுமார் 20 விநாடியில் முறியடித்தார் என்று உலகமே கொண்டாடியது. பின்னால் மறுபடி அளந்தபோது பாதை 148 மீட்டர் குறைவு. அவருடைய வேகத்துக்கு அது ஏறக்குறைய 27 விநாடி. சாதனை பட்டியலிலிருந்து போனது. சலசார் செய்த தவறு எதுவுமில்லை. அன்று அவரால் இயன்றதை முழுதாகக் கொடுத்து ஓடினார். அளவு பிசகினால் தண்டனை ஓடியவருக்கே போகிறது.

இன்று இதன் மறுபக்கமும் உண்டு. எல்லைக்கோட்டைத் தாண்டியவுடன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, ‘அரை மராத்தான் என்றீர்கள், என் வாட்ச் 21.4 காட்டுகிறதே’ என்று தன்னார்வலர்களிடம் சண்டைக்கு வருகிறவர்களைப் பல பந்தயங்களில் பார்க்கலாம். அளந்த பாதையில் யாரும் அந்த மிகக் குறுகிய வழியிலேயே ஓடுவதில்லை. கூட்டத்தில் விலகி, தண்ணீர் மேசைக்கு ஒதுங்கி, வளைவில் அகன்று ஓடும்போது தூரம் கூடும். உயரமான கட்டடங்களுக்கும் மேம்பாலத்துக்கும் அடியில் ஜி.பி.எஸ். தடுமாறும். தொடரின் அமைப்பாளர்கள் ஒவ்வொரு பாதையும் எப்படி, எந்த நாளில், யாரால் அளக்கப்பட்டது என்பதை முன்கூட்டியே வெளியிட்டால் பாதிச் சண்டை ஓயும்.

புள்ளிக் கணக்கு

அளவு சரியான பிறகுதான் புள்ளிகளைப் பற்றிப் பேச முடியும். வந்த வரிசைப்படி புள்ளி கொடுப்பது எளிது. ஆனால் வலுவானவர்கள் வராத சின்ன ஊர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தவரும், 2,000 பேர் ஓடிய நகரத்தில் முதலாவதாக வந்தவரும் ஒரே புள்ளியைப் பெறுவார்கள். நேரத்தை வைத்துக் கொடுத்தால் மேடு அதிகமுள்ள ஊர் பின்தங்கும். ஊட்டியில் ஓடிய 10 கிலோமீட்டரையும் கடற்கரைச் சாலையில் ஓடியதையும் அப்படியே தட்டில் வைக்க முடியாது. வயதுக்கேற்ற விழுக்காட்டு முறை ஒன்று இருக்கிறது. ஒருவருடைய நேரத்தை அவருடைய வயதிலும் பாலிலும் உலகத் தரமான நேரத்தோடு ஒப்பிட்டு விழுக்காடாகச் சொல்வார்கள். 62 வயதுப் பாட்டி 25 வயதுப் பேரனைத் தொடர் பட்டியலில் முந்த இதில் வழியுண்டு. என் ஓட்டு இதற்கே. ஆனால் ஒன்று: நேரத்தையே ஆதாரமாகக் கொண்ட முறை இது. 100 மீட்டர் குறைந்த பாதை எல்லோருடைய விழுக்காட்டையும் பொய்யாக ஏற்றிவிடும்.

எல்லாப் பந்தயத்துக்கும் வரவேண்டும் என்று கட்டாயப்படுத்துவது குடும்பம், ஷிப்ட், தேர்வு என்று வாழ்கிற அமெச்சூர்களுக்குச் சரிப்படாது. பத்தில் சிறந்த ஆறு என்பதுபோல ஒரு விதி வேண்டும். முழுவதையும் ஓடி முடிப்பவர்களுக்குத் தனி மரியாதை செய்யலாம். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதியில் 5 கிலோமீட்டர் முதல் மராத்தான்வரை தூரம் மாறும் பந்தயங்களைக் கோத்து நடத்தும் தொடரில், ஒன்றுவிடாமல் ஓடியவர்களை ‘இரும்பு ஓட்டக்காரர்கள்’ என்று கொண்டாடுகிறார்கள். அங்கே கிளப்புகளுக்கும் தனிக் கணக்கு உண்டு. ஒரு குழுவின் ஐந்தாவது ஆளுடைய ஓட்டமும் எண்ணப்படும்போது, நடுவில் வருகிறவரும் கடைசி 500 மீட்டரில் விட்டுக்கொடுக்காமல் ஓடுவார்.

பெண்களின் பட்டியல் ஆண்களுடையதற்குப் பின்னால் ஒட்டவைத்த துணுக்காக இருக்கக் கூடாது. பெண்கள் பந்தயத்தில் ஓடும் உரிமையே எளிதில் வந்ததல்ல. பாஸ்டன் மராத்தானில் 1966இல் பாபி கிப் புதருக்குள் மறைந்திருந்து கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார். மறு ஆண்டு கேத்ரின் சுவிட்சரின் மார்பு எண்ணை ஓர் அதிகாரி ஓடிவந்து பிய்க்கப் பார்த்தார். 1972இல் பாஸ்டன் கதவைத் திறந்தது. அதே ஆண்டு அக்டோபரில் நியூயார்க் மராத்தானில் பெண்கள் ஆண்களுக்குப் பத்து நிமிடம் முன்னதாகத் தனியாகத் தொடங்க வேண்டும் என்றது அமெச்சூர் அத்லெடிக் யூனியன். துப்பாக்கி வெடித்தது. ஆறு பெண்களும் தொடக்கக் கோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். பத்து நிமிடம் கழித்து ஆண்களுக்கான வெடி கேட்டதும் எழுந்து அவர்களோடு ஓடினார்கள். இன்றும் பெண்களுக்குக் குறைந்த பரிசுத்தொகை அறிவிக்கும் பந்தயம் ஏதாவது இருந்தால், தொடருக்குள் அதைச் சேர்க்கவே கூடாது என்பேன்.

ஆட்கள்

பணத்தைவிடக் கிடைக்காதது ஆள். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒருவர், தண்ணீர் மேசைக்குப் பத்துப் பேர், எல்லைக்கோட்டில் ஒரு குழு, கடைசி ஓட்டக்காரருக்குப் பின்னால் சைக்கிளில் ஒருவர். ஓட்டக்காரரின் நேரத்தைத் தானாகப் பதியும் சிப் வருவதற்கு முன்னால் எல்லைக்கோட்டு வேலை இன்னும் கடினம். ஓடிவந்தவர்களைக் கயிறு கட்டிய சந்துக்குள் வரிசை கலையாமல் நடத்தி, மார்பு எண்ணின் அடித்துண்டைக் கிழித்துக் கம்பியில் கோப்பார்கள். இன்னொருவர் நேரங்களை மட்டும் எழுதுவார். பிறகு இரண்டையும் பொருத்துவார்கள். ஒருவர் வரிசை மாறினால் அவருக்குப் பின்னால் வந்த அத்தனை பேரின் நேரமும் மாறிப்போகும். சிப் அந்தச் சங்கடத்தைத் தீர்த்தது. திருப்பத்தில் நின்று வழிகாட்டும் ஆளுக்கு மட்டும் இன்னும் மாற்று வரவில்லை. அந்த ஆள் ஐந்து நிமிடம் நகர்ந்து, முன்னணி ஓட்டக்காரர்கள் தப்பான தெருவுக்குள் போனால், சைக்கிளும் ஆணியும் எஃகு டேப்பும் அத்தனையும் வீண்.

கார்பிட் தலைமையில் தொடங்கிய அந்த நியூயார்க் கிளை இன்று நியூயார்க் ரோடு ரன்னர்ஸ் என்ற பெரிய அமைப்பு. 1970இல் 127 பேர், ஒரு டாலர் கட்டணத்தில், சென்ட்ரல் பார்க்கைச் சுற்றிச்சுற்றி ஓடிய நியூயார்க் மராத்தானை நடத்துவது அவர்களே. அந்த மராத்தானில் இடம் பிடிக்க அவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: உறுப்பினர் ஒருவர் ஓர் ஆண்டில் ஒன்பது பந்தயம் ஓடி, ஒரு பந்தயத்தில் தன்னார்வலராக வேலை செய்தால் அடுத்த ஆண்டுக்கு இடம் உறுதி. அந்த ஒன்றில்தான் சூட்சுமம் இருக்கிறது. தண்ணீர் மேசைக்கு அந்தப்புறம் ஒரு காலை நின்றவர், அடுத்த பந்தயத்தில் கப்பை நடுரோட்டில் வீசமாட்டார். நம் தொடரில் எட்டு ஓட்டம் ஓடுகிறவர் ஒன்றில் வேலை செய்தால்தான் புள்ளி எண்ணப்படும் என்று விதி வைப்பதை யார் தடுக்கப்போகிறார்கள்?

வெயிலைப் பற்றியும் முன்பே எழுதிவைக்க வேண்டும். 2007 அக்டோபரில் சிகாகோ மராத்தானில் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டியது. தண்ணீர் மேசைகளில் தட்டுப்பாடு. பந்தயத்தைப் பாதியில் நிறுத்தினார்கள். வெப்பமானியின் எண் மட்டும் போதாது. ஈரப்பதம், நேர்வெயில், காற்று மூன்றையும் சேர்த்துக் கணக்கிடும் ஈரக்குமிழ்-கோள வெப்ப அளவு (WBGT) ஒன்று உண்டு. அது 28ஐத் தாண்டினால் பந்தயத்தை ரத்துசெய்யச் சொல்கிறது அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி. நம் கடலோர ஊர்களில் ஏப்ரல், மே மாதங்களில் காலை எட்டு மணிக்கே அந்த எல்லை கண்ணுக்குத் தெரியும். ஆகவே தொடரின் நாட்காட்டி கடலோர ஊர்களை டிசம்பர், ஜனவரியிலும், மலையூர்களை மே மாதத்திலும் வைக்க வேண்டும். ஒரு பந்தயம் ரத்தானால் அதன் புள்ளி என்ன ஆகும் என்பதும் முதல் பந்தயத்துக்கு முன்பே அச்சில் இருக்க வேண்டும்; அதைப் பந்தய நாள் காலையில் மைதானத்தில் நின்று முடிவெடுக்கக் கூடாது.

சென்னை ரன்னர்ஸ் 2006இல் தொடங்கியது. அதன் பிறகு கோவை, மதுரை, திருச்சி என்று ஊர்தோறும் ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஓடுகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்து மாவட்டங்களைச் சேர்ந்த நான்கைந்து குழுக்கள் சேர்ந்தாலே ஒரு தொடருக்குப் போதும். குழுவுக்கு இருவரைத் தேர்ந்தெடுத்து, அனுபவமுள்ள அளவையாளர் ஒருவரிடம் இந்தச் சைக்கிள் முறையைக் கற்றுக்கொள்ளச் செய்யலாம். ஒவ்வோர் ஊரிலும் போக்குவரத்துக் குறைந்த நேரான சாலையில் 300 மீட்டர் துண்டு ஒன்றை அளந்து நிரந்தரமாக ஆணி அடித்து வைக்கலாம். ஓர் ஊர்ப் பாதையை அந்த ஊர்க்காரர் மட்டும் அளக்காமல், பக்கத்து ஊர்க் குழுவிலிருந்து ஒருவர் வந்து இரண்டாவது முறை அளக்க வேண்டும். இரண்டு அளவுக்கும் இடையே 10 கிலோமீட்டருக்கு 8 மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மூன்றாவது முறையும் சைக்கிளை எடுக்க வேண்டும். மெடலுக்கு ஆர்டர் கொடுப்பது அதற்குப் பிறகு.