நாய்க்கும் பக்கவாதம் வருமா? எப்படிக் கண்டுபிடிப்பது?

நேற்று ராத்திரி நன்றாகச் சாப்பிட்ட நாய், காலையில் எழுந்ததும் தள்ளாடுகிறது. தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. தண்டையார்பேட்டை மாதிரி நெருக்கமான தெருக்களில் உடனே எழும் சந்தேகம், "யாரோ எதையோ போட்டுட்டாங்க." விஷமாகவும் இருக்கலாம். ஆனால், நாய்களுக்கும் பக்கவாதம் வரும்.

என்ன நடக்கிறது?

மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுகிறது அல்லது வெடித்துக் கசிகிறது. சிறுநீரக நோய், உயர் ரத்த அழுத்தம், இதய நோய், ஹார்மோன் கோளாறு ஆகியவை பின்னணியில் இருக்கலாம். உண்ணி பரப்பும் எர்லிகியா கிருமி ரத்தத் தட்டணுக்களைக் குறைப்பதால் ரத்தக்கசிவும் ஏற்படலாம். பல நேரம் காரணமே பிடிபடாது.

அறிகுறிகள் என்ன?

மனிதர்களைப் போல வாய் கோணுவதை எதிர்பார்க்காதீர்கள். திடீரென வருவதுதான் முக்கிய அடையாளம்:

- ஒரே பக்கமாகச் சுற்றுவது, சாய்ந்து விழுவது
- கண்மணி வேகமாக ஆடுவது, பார்வை மங்குவது
- ஒரு பக்கக் கால்கள் தளர்வது, பாதம் மடங்குவது
- வலிப்பு, கூப்பிட்டால் கவனிக்காமல் இருப்பது

எல்லாத் தள்ளாட்டமும் பக்கவாதமா?

இல்லை. வயதான நாய்களுக்கு உள்காதின் சமநிலை உறுப்பு பாதித்தாலும் தலை சாயும், கண் ஆடும். பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் பெரும்பாலும் மூன்று நாளில் தேற ஆரம்பித்து, சில வாரங்களில் சரியாகிவிடும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன்தான் மூளைப் பாதிப்பைத் தெளிவாகக் காட்டும். வெயில் காலத்தில் கடும் மூச்சிரைப்போடு உடம்பு கொதித்தால் அது வெப்பத்தாக்கு. உடனே நிழலில் படுக்கவைத்து, தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்க வேண்டும்.

உடனே என்ன செய்யணும்?

படிக்கட்டு, மாடி விளிம்பில் இருந்து தள்ளி, மெத்தென்ற இடத்தில் படுக்க வையுங்கள். மொபைலில் வீடியோ எடுங்கள். மருத்துவருக்கு அது பெரிய உதவி. வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறும். நாமாகவே வலி மாத்திரை தரக்கூடாது. இபுப்ரொஃபென் நாய்க்கு நஞ்சு. வலிப்பு வந்தால் வாய்க்குள் கைவிட வேண்டாம். தெருநாய் என்றால் ரேபிஸாகவும் இருக்கலாம், தொடாமல் உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள்.

வடசென்னைக்காரர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம்தான்.

பிழைக்குமா?

அடைப்பைக் கரைக்கும் ஊசி நாய்களுக்கு வழக்கத்தில் இல்லை. காரணமான நோய்க்குச் சிகிச்சை, புரட்டிப் படுக்கவைப்பது, மெல்ல நடக்கப் பழக்குவது, இவைதான் வழி. பல நாய்கள் சில வாரங்களில் மீண்டும் நடக்கின்றன. அதனால் முதல் நாளே, "இனி தேறாது, ஊசி போட்டுடலாம்" என்று முடிவெடுக்க வேண்டாம். மருத்துவரிடம் கேட்டு, கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்.