குளிர்காலத்தில் பிறந்த பிள்ளை

கோடையில் பிறந்த குழந்தைக்குத் தோட்டம் இருக்கிறது, புல்தரை இருக்கிறது, இராப்போஜன வேளை வரையில் மறைய மனமில்லாமல் நிற்கும் சூரியனும் இருக்கிறது. லண்டன் மாநகரில் ஜனவரி முதல் வாரத்தில் பிறந்த குழந்தைக்கோ, காலை எட்டு மணிக்கு மேல் தயங்கித் தயங்கி உதித்துப் பிற்பகல் நான்கு மணி அடித்த சில நிமிஷங்களுக்குள் அஸ்தமித்துவிடும் சூரியனும், புகையோடு கலந்த மூடுபனியும், கிறிஸ்துமஸ் பண்டிகையில் கைப்பணத்தையும் உற்சாகத்தையும் ஒருங்கே செலவழித்துவிட்டு ஓய்ந்திருக்கும் உறவினர்களுமே வாய்க்கின்றன. ஆயினும் குழந்தைகளின் பிறந்தநாளை வேஷங்களோடும் நாடகங்களோடும் சித்திரங்களோடும் கொண்டாடும் வழக்கத்தின் சரித்திரத்தைச் சற்று ஊன்றிப் படிப்பவர்களுக்கு ஓர் உண்மை புலப்படும். வெளியே இல்லாத வெளிச்சத்தை வீட்டுக்குள்ளே உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்ற நிர்ப்பந்தந்தான் அந்தக் கலைகளையெல்லாம் கூடத்துக்குள் அழைத்து வந்தது. அதற்கு உதாரணமாக, நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸின் மூத்த மகன் சார்லியின் பிறந்தநாளைவிடப் பொருத்தமான ஒன்றைக் காட்டுவது கடினம்.

சார்லி பிறந்தது 1837ஆம் வருஷம் ஜனவரி 6ஆம் தேதி. கிறிஸ்துமஸுக்குப் பின் பன்னிரண்டாம் நாளாகிய அத்தினத்தில், கீழ்த்திசை ஞானிகள் குழந்தை ஏசுவைத் தரிசித்ததைக் கிறிஸ்தவர்கள் நினைவுகூர்கிறார்கள். பண்டிகைக் காலம் அன்றோடு முடிவதால், முடிவதற்கு முன் ஒருமுறை வயிறாரச் சிரித்துவிட வேண்டும் என்பது அந்தக் காலத்து ஆங்கிலேயரின் சித்தாந்தம் போலும். அன்றைக்கென்று ஒரு பெரிய கேக்கு உண்டு. அதற்குள் ஓர் அவரை விதையையும் ஒரு பட்டாணியையும் மறைத்து வைத்துச் சுட்டு, யாருடைய துண்டில் விதை அகப்படுகிறதோ அவர் அன்றிரவுக்கு ராஜா, பட்டாணி அகப்பட்டவர் ராணி என்று முடிசூட்டுவது பழைய சம்பிரதாயம். தினசரிக் குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற ஸாமுவெல் பீப்ஸ், 1669ஆம் வருஷத்து ஜனவரி 6ஆம் தேதியன்று, கேக்கு வீணாகாமலிருக்கும்பொருட்டுப் பட்டப் பெயர்களைச் சீட்டுகளில் எழுதித் தொப்பியில் போட்டுக் குலுக்கி எடுக்கும் புதிய முறையைத் தம் வீட்டில் கையாண்டதாகவும், அதில் தமக்கு ராணிப் பட்டம் விழுந்ததாகவும் எழுதிவைத்திருக்கிறார். கடற்படை நிர்வாகத்தில் பொறுப்பான உத்தியோகம் வகித்த ஒரு கனவான் ராணியாக வீற்றிருந்த அந்தக் காட்சியில், இன்றைய வேஷ விருந்துகளின் மூலவிதை இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். பிற்காலத்தில் இந்தச் சீட்டுகளை வர்ணப் படங்களோடு அச்சிட்டு விற்கும் வியாபாரமே ஏற்பட்டது. சீட்டில் எந்தப் பாத்திரம் வருகிறதோ அந்தப் பாத்திரமாகவே, விருந்து முடிகிற வரையில், பேசவும் நடக்கவும் வேண்டும். நடிக்கத் தெரியாது என்ற சாக்குக்கு அங்கே இடமில்லை.

சார்லியின் ஐந்தாவது பிறந்தநாளன்று அவனுடைய தாயும் தந்தையும் வீட்டில் இல்லை. 1842 ஜனவரி 4ஆம் தேதி லிவர்பூல் துறைமுகத்தில் 'பிரிட்டானியா' என்ற கப்பலில் ஏறி அவர்கள் அமெரிக்காவுக்குப் புறப்பட்டுவிட்டார்கள். பிறந்தநாள் வந்தபோது அட்லாண்டிக் சமுத்திரத்தின் குளிர்காலப் புயலில் கப்பல் அலைக்கழிந்துகொண்டிருந்தது. டானியல் மக்லீஸ் என்ற ஓவியர் நான்கு குழந்தைகளையும் வீட்டில் வளர்த்த அண்டங்காக்கையையும் சேர்த்து வரைந்து கொடுத்த சித்திரம் ஒன்றைப் பெற்றோர் கையோடு எடுத்துப் போய், அமெரிக்காவில் தங்கிய இடங்களிலெல்லாம் வைத்துப் பார்த்துக்கொண்டார்களாம். லண்டனில் தங்கிவிட்ட குழந்தைகளைக் கண்காணித்துக்கொள்ளும் பொறுப்பைப் பிரபல நடிகர் மக்ரீடியின் குடும்பத்தார் ஏற்றிருந்தார்கள்.

தவறவிட்ட பிறந்தநாளுக்குப் பிராயச்சித்தம் போல், அடுத்த வருஷம் விழா அமர்க்களப்பட்டது. அன்றைக்கு வரப்போகும் குழந்தைகளின் எண்ணிக்கையைத் தேசத்தின் கடன் கணக்கைப் பார்க்கும் கணிதராலும் கணக்கிட முடியாது என்று டிக்கன்ஸ் அமெரிக்க நண்பர் ஒருவருக்குக் கேலியாக எழுதினார். கண்ணாடித் துண்டுகளில் தீட்டிய சித்திரங்களை விளக்கொளியால் சுவரில் பெரிதாக விழச் செய்யும் மாயவிளக்கு ஒன்று வரவழைக்கப்பட்டது. அதுவும் போதாதென்று, அவரும் அவருடைய நண்பர் பார்ஸ்டரும் கூட்டாகச் சேர்ந்து ஒரு செப்பிடுவித்தைக்காரரின் தளவாடங்கள் முழுவதையும் விலைக்கு வாங்கிவிட்டார்கள். இருட்டு இல்லாமல் மாயவிளக்கின் படம் தெரியாது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஜூன் மாதத்து மாலையில் திரைகளை இழுத்து மூடிப் பிரயாசைப்பட்டு உண்டாக்க வேண்டிய இருளை, ஜனவரி மாதம் நான்கு மணிக்கே இனாமாகக் கொடுத்துவிடுகிறது.

அதே 1843ஆம் வருஷத்தின் இறுதியில் மக்ரீடி அமெரிக்காவுக்குப் போயிருந்தார். டிசம்பர் 26ஆம் தேதி அவருடைய மகள் நீனாவின் பிறந்தநாள். தம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவரின் பிள்ளைகளுக்குத் தாம் கைம்மாறு செய்ய வேண்டிய முறை வந்துவிட்டது என்று கருதினாரோ என்னவோ, 'கிறிஸ்துமஸ் கரோல்' என்ற கதை வெளிவந்து ஒரு வாரமே ஆகியிருந்த நிலையில், களைப்பையெல்லாம் உதறிவிட்டு டிக்கன்ஸ் அந்த வீட்டுக்குச் சென்று ஒரு மணி நேரம் செப்பிடுவித்தை காட்டினார். பச்சை முட்டை, மாவு முதலியவற்றை ஒரு கனவானின் தொப்பியிலே கொட்டி, கொதிக்கக் கொதிக்கப் புட்டிங்காக வெளியே எடுத்ததையும், தவிடு நிறைந்த பெட்டியிலிருந்து உயிருள்ள கினிப்பன்றி ஒன்றை வரவழைத்ததையும், அங்கே வந்திருந்த ஜேன் கார்லைல் அம்மையார் தம் கடிதமொன்றில் சுவையாக வர்ணித்திருக்கிறார். எளிதில் யாரையும் புகழ்ந்துவிடாத அந்த அம்மையார், தாம் கண்ட வித்தைக்காரர்களுள் டிக்கன்ஸே தலைசிறந்தவர் என்று நற்சான்று வழங்கியிருப்பது சாமானியமான விஷயமன்று.

1845ஆம் வருஷத்து ஜனவரியில் குடும்பம் இத்தாலியிலுள்ள ஜெனோவா நகரில் வசித்தது. சார்லியிடம் மிகுந்த வாஞ்சை கொண்டிருந்தவரும், இங்கிலாந்தின் பெருஞ் செல்வர்களுள் ஒருவருமான ஏஞ்ஜெலா பர்டெட் கூட்ஸ் அம்மையார், பையனின் பிறந்தநாளுக்காக லண்டனிலிருந்து 90 ராத்தல் எடையுள்ள அலங்காரக் கேக்கு ஒன்றைக் கடல் கடந்து அனுப்பிவைத்தார். கேக்கோடு வந்த பாத்திரச் சீட்டுகளைச் சுங்கச் சாவடி அதிகாரிகள் பிடித்துவைத்துக்கொண்டு பரிசோதிக்கத் தொடங்கிவிட்டார்கள். கோமாளிகளும் கோணங்கிகளும் அச்சிட்ட அந்தக் காகிதங்களில் ராஜத் துரோகமோ மத நிந்தையோ ஒளிந்திருக்கக்கூடும் என்று அவர்கள் துருவிப் பார்த்ததை நினைத்தால், சீட்டில் எழுதாத ஒரு ஹாஸ்ய பாத்திரத்தை அவர்களே ஏற்று நடித்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது.

இன்னொரு வருஷத்து நிகழ்ச்சி எனக்கு இவையனைத்தையும்விடப் பிரியமானது. சார்லியின் பிறந்தநாள் விருந்தில் தங்களோடு ஆட வேண்டுமென்று, அவனுடைய தங்கைகளான மேரியும் கேட்டும் தகப்பனாருக்குப் 'போல்கா' நடனம் கற்றுக்கொடுத்திருந்தார்கள். விருந்துக்கு முந்திய நடுநிசியில், காலடி வைப்பு மறந்துபோயிற்றோ என்ற பீதி திடீரென்று பிடித்துக்கொள்ள, ஊர் போற்றும் எழுத்தாளர் போர்வையை விலக்கிவிட்டுக் கடுங்குளிரில், இருட்டில், தனியாக எழுந்து நின்று ஆடிப் பார்த்துக்கொண்டாராம்.

1851ஆம் வருஷத்தில் டாவிஸ்டாக் ஹவுஸ் என்ற பெரிய வீட்டுக்குக் குடி போனபின், பிள்ளைகள் பாடம் படிக்கும் அறை நாடக மேடையாயிற்று. 'உலகத்திலேயே மிகச் சிறிய நாடகசாலை' என்று அதற்குப் பெயரும் சூட்டப்பட்டது. 1854இல் 'டாம் தம்ப்'. அதில் ஐந்து வயதும் நிறையாத மகன் ஹென்றி கதாநாயகன். பார்க்க வந்திருந்த நாவலாசிரியர் தாக்கரே சிரிப்பை அடக்கமாட்டாமல் ஆசனத்திலிருந்து உருண்டு விழுந்தார். அடுத்த வருஷம் ஒரு தேவதைக் கதை. அதில் மூன்று வயது நிரம்பாத கடைக்குட்டிக்கும் ஒரு வேஷம் கிடைத்தது. இவ்வளவு வரையில் எல்லாம் குழந்தைகளின் ராஜ்யம்.

1857 ஜனவரி 6ஆம் தேதி மேடையேறிய 'உறைந்த ஆழி' வேறு ஜாதியைச் சேர்ந்தது. 129 பேரோடு 1845இல் வடதுருவக் கடலுக்குச் சென்ற ஆங்கிலேயக் கடற்பயணி பிராங்க்ளினின் இரு கப்பல்கள் திரும்பவேயில்லை. பட்டினியால் அவர்கள் மனித மாமிசத்தை உண்டார்கள் என்று 1854இல் வந்த செய்தியை டிக்கன்ஸ் நம்ப மறுத்துத் தம் பத்திரிகையில் வாதாடினார். அந்த விவாதத்தின் நிழலில், அவருடைய நண்பர் வில்கி காலின்ஸ் எழுதியதே இந்நாடகம். தன் காதலியைக் கவர்ந்தவனைக் கொல்வதாகச் சபதம் செய்த ஒருவன், பனிப் பிரதேசத்தில் அவனோடேயே தனித்துச் சிக்கிக்கொண்டு, முடிவில் அவனைத் தோளில் சுமந்து காப்பாற்றிவிட்டுத் தான் மடிகிறான். அந்த மடிகிறவன் வேஷம் டிக்கன்ஸுக்கு. அதற்காக அவர் தாடி வளர்த்தார். லண்டனின் புறநகர்ச் சாலைகளில் 20 மைல் நடந்தபடியே வசனங்களை உரக்கச் சொல்லிப் பழகி, எதிரே வந்தவர்களைக் கலங்கவைத்தார். இளமையில் கடற்படையில் உழைத்து, பின்னர் நாடகசாலைகளில் திரை தீட்டி, ராயல் அகாதமியின் அங்கத்தினராக உயர்ந்த கிளார்க்ஸன் ஸ்டான்பீல்டு பனிப்பாறைக் காட்சிகளை எழுதினார். ஆகஸ்டஸ் எக் என்ற மற்றோர் ஓவியர் கப்பல் சமையற்காரனாக நடித்தார். சார்லியின் தோழர் பிரான்செஸ்கோ பெர்கர் இசை அமைத்தார். சித்திரமும் சங்கீதமும் நாடகமும் ஒரு வீட்டுக் கூடத்தில் இவ்வளவு உயர்ந்த தரத்தில் ஒன்றுகூடியது அபூர்வம். தச்சர்களும் விளக்குக்காரர்களும் வாரக்கணக்கில் வீட்டை ஆக்கிரமித்துக்கொண்டார்கள்; பார்த்தவர்கள் தேம்பித் தேம்பி அழுதார்கள்.

ஆனால் அன்றைக்குப் பிறந்தநாள் யாருக்கு? இருபது வயது நிறைந்த சார்லி அந்த மேடையில் ஒரு கப்பல் அதிகாரியாக, சிறிய வேஷத்தில், ஓரமாக நின்றுகொண்டிருந்தான். மாயவிளக்கின் முன்னால் குழந்தைகளை உட்கார்த்திவைத்துத் தாம் பின்னால் நின்ற தந்தை, பதினான்கு வருஷங்களில் மெல்ல மெல்ல விளக்குக்கு முன்னால் வந்துவிட்டார். விருந்துக்கு ஒரு கற்பனைக் கருவைத் தேர்ந்துகொண்டு அலங்காரம் செய்யும் பெற்றோர் எல்லாருக்கும் இந்த அபாயம் உண்டு என்பது என் அபிப்பிராயம். கரு கம்பீரமாக வளர வளர, பிள்ளை சிறுத்துக்கொண்டே போகிறான். பீப்ஸின் தொப்பியில் அந்த அபாயம் இல்லை. ராணிப் பட்டம் யாருக்கு விழும் என்பது தொப்பிக்குத்தான் தெரியும்.

பிறந்தநாள் நாடகம் பிறந்தநாளைவிட்டு வெகுதூரம் பிரயாணம் செய்தது. அந்த ஜூலையில் விக்டோரியா மகாராணிக்காக நடிக்கப்பட்டது. ஆகஸ்டில் மான்செஸ்டர் நகரத்துப் பெரிய மண்டபத்தில் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் மேடையேறியது. வீட்டுப் பெண்களின் குரல் அவ்வளவு பெரிய இடத்தில் எடுபடாது என்று, தொழில்முறை நடிகைகளாகிய டெர்னன் குடும்பத்துத் தாயையும் இரு பெண்களையும் அமர்த்தினார்கள். இளைய பெண் எல்லனிடம் டிக்கன்ஸ் மனத்தைப் பறிகொடுத்ததும், 1858இல் மனைவி காதரினைப் பிரிந்ததும் பிரசித்தமான கதை. அப்போது தாயாரோடு குடியிருக்கச் சென்ற பிள்ளை சார்லி ஒருவனே.

அந்த நாடகம் நடந்த சமயத்தில் மான்செஸ்டரில் மற்றொரு வைபவமும் நடந்துகொண்டிருந்தது. ஏறத்தாழ 16,000 கலைப்பொருள்களைத் திரட்டிவைத்திருந்த கலைச்செல்வக் கண்காட்சி அது. அதைப் பார்த்தவர்கள் 13 லட்சத்துக்கு மேல். இதெல்லாம் கோடைகாலத்து வசதி. குளிர்காலத்தில் சித்திரசாலைக்குப் போக விரும்பியவர்களின் சங்கடம் வேறு. சூரிய வெளிச்சத்தை நம்பியிருந்த சித்திரசாலைகள் பொழுது சாய்ந்ததும் கதவைச் சாத்திவிடும். ஜனவரி மாதத்தில் மத்தியான உணவை முடித்துக்கொண்டு புறப்படுகிறவர்கள், படிக்கட்டில் ஏறும்போதே இருட்டிவிடும். அதே 1857ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் லண்டனில் திறக்கப்பட்ட ஸவுத் கென்ஸிங்டன் காட்சிசாலையில், ஹென்றி கோல் என்ற நிர்வாகி வாயு விளக்குகளை ஏற்றி, உழைப்பாளிகள் வேலை முடிந்தபின் குடும்பத்தோடு வந்து படங்களைப் பார்க்க வகை செய்தார். சிற்றுண்டிச்சாலை ஒன்றையும் உள்ளேயே அமைத்தார். இன்று விக்டோரியா ஆல்பர்ட் காட்சிசாலை என்று வழங்குவது அதுவே. ஜனவரியில் பிறந்த பிள்ளையை மாலையில் சித்திரம் பார்க்க அழைத்துப் போய், அங்கேயே ஏதேனும் வாங்கிக் கொடுத்துக் கூட்டி வருவது அப்போதுதான் சாமானிய மக்களுக்குச் சாத்தியமாயிற்று.

இருட்டை வெல்லக் கோல் விளக்கேற்றினார் என்றால், இருட்டுக்காகவே ஜனவரியைத் தேர்ந்தெடுத்தவர் ஒருவரும் உண்டு. ஹென்றி வாகன் என்ற லண்டன் ரஸிகர், ஸ்டான்பீல்டின் காலத்தவரும் அவரினும் பெரியவருமான டர்னரின் நீர்வர்ணச் சித்திரங்கள் பலவற்றைச் சேகரித்திருந்தார். அவற்றுள் 38 படங்கள், 1900ஆம் வருஷத்தில் அவருடைய மரண சாஸனத்தின்படி எடின்பரோ நகரத்துத் தேசியச் சித்திரசாலையை அடைந்தன. ஜனவரி மாதத்தில் மட்டுமே அவற்றைக் காட்சிக்கு வைக்க வேண்டும், கட்டணம் வாங்கக் கூடாது என்பவை அவர் விதித்த நிபந்தனைகள். வெயில் பட்டால் நீர்வர்ணம் மங்கிப்போகும். வருஷத்திலேயே வெளிச்சம் மிகவும் பலவீனமாக இருக்கும் மாதங்களுள் ஒன்று ஜனவரி. டப்ளின் நகரத்துத் தேசியச் சித்திரசாலைக்கும் அவர் அதே நிபந்தனையோடு 31 படங்களை வழங்கினார். இரண்டு ஊர்களிலும் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் தேதியை ஒட்டி மக்கள் வரிசையில் நின்று அவற்றைப் பார்க்கிறார்கள். பதினாறாயிரம் பொருள்களுக்கு நடுவே இழுத்துச் செல்லப்படும் குழந்தை எதையும் பார்க்காமலே களைத்துப்போகும். முப்பத்தெட்டு என்பதோ, கால் நோகாமல் பார்த்து முடித்து, பிடித்த படத்துக்கு இன்னொரு தடவை திரும்பி வரவும் அவகாசம் தரும் தொகை.