வட்டியின் வேகமும் விளைச்சலின் வேகமும் (தொடர் – 7)

2021 மார்ச்சில் ஏறத்தாழ 4.85 லட்சம் கோடி ரூபாயாக மதிப்பிடப்பட்ட தமிழக அரசின் கடன், 2026 மார்ச்சில் 9.29 லட்சம் கோடியாகும் என்று 2025ஆம் ஆண்டின் நிதிநிலை அறிக்கை கணித்திருந்தும், மாநிலத்தின் மொத்த உற்பத்தியில் அது 26 சதவீதமளவில்தான் நிற்கிறது என்றும், உற்பத்தியும் கூடவே விருத்தியடைந்ததே அதற்குக் காரணம் என்றும் சென்ற வாரம் பார்த்தோம். (2021ஆம் ஆண்டு வெள்ளை அறிக்கை பொதுக்கடனைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்து, குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் என்று சொன்னது, பக்கத்தில் வருமானத்தை வைக்காத அந்தக் கணக்கு ஜனங்களைப் பயமுறுத்தப் பயன்படுமேயன்றி வேறெதற்கும் பயன்படாது என்பது என் அபிப்பிராயம்.) ஆண்டுதோறும் வருமானத்தில் 3 சதவீதம் கடன் வாங்கினாலும், வருமானம் 10 சதவீதம் வளருமாயின், கடன் அதில் சுமார் 30 சதவீதத்துக்கு மேல் ஏறாது என்று 1944இல் எவ்ஸி டோமார் என்ற பொருளியல் அறிஞர் காட்டினார்.

ஆனால் அந்தப் பத்துச் சதவீதம் யாருடையது? கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவு ஆலைகளை நம்பிக் கரும்பு நட்டவனுக்கு 2013-14 பருவத்தில் டன்னுக்கு 2,650 ரூபாய் விலை அறிவிக்கப்பட்டது. 2024-25இல் மத்திய அரசின் 3,151 ரூபாயோடு மாநிலத்தின் ஊக்கத்தொகை 349ஐயும் கூட்டினால் 3,500. பதினோரு ஆண்டுகளில் மாநில உற்பத்தி, நடப்பு விலையில், மூன்று மடங்கைத் தாண்டிவிட, கரும்பின் விலையோ ஆண்டுக்கு இரண்டரைச் சதவீதத்துக்குச் சற்று மேலாக நகர்ந்திருக்கிறது. தவணை தவறாதவனுக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் பயிர்க்கடனில் வட்டி இல்லை என்பது மெய்யே. ஆயினும் வெட்டு உத்தரவு வரத் தாமதித்து, நின்ற கரும்பு காய்ந்து எடை குறைந்து, வெட்டுக்கூலியைக் கையிலிருந்து கொடுத்து, ஆலைப் பணத்துக்கு மாதக்கணக்கில் காத்திருப்பவனால் எந்தத் தவணையைக் காப்பாற்ற முடியும்? நகையை அடகு வைத்து, அதுவும் போதாமல் நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வெளியே வாங்குகிறான்; அது ஆண்டுக்கு 24 சதவீதம்.

இது இன்று முளைத்த சங்கடமன்று. சென்னை மாகாணத்துக் கிராமக் கடனை 1895இல் 45 கோடி என்று அரசு அதிகாரி நிக்கல்சனும், 1930இல் 150 கோடி என்று வங்கி விசாரணைக் கமிட்டியும், 1935இல் 200 கோடி என்று அரசு அதிகாரி சத்தியநாதனும் மதிப்பிட்டார்கள். கடைசி ஐந்தாண்டுகளில் தொகை மூன்றில் ஒரு பங்குதான் ஏறியது. ஆனால் உலகப் பெருமந்தத்தில் நெல்லும், அப்போது கள்ளக்குறிச்சியை உள்ளடக்கியிருந்த தென்னார்க்காட்டின் நிலக்கடலையும் விலை ஏறக்குறையப் பாதியாக வீழ்ந்தமையால், மூட்டைக் கணக்கில் பார்த்தால் குடியானவனின் கடன் இரட்டித்ததற்கும் மேலாயிற்று. பிரமாண நோட்டில் எழுதிய ரூபாய் சந்தை விலையைப் பார்த்துக் குறைவதில்லையே! ராஜாஜி மந்திரிசபை 1938இல் கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், முதலைப் போல் இரு மடங்கு செலுத்திவிட்ட பழைய கடன்களைத் தீர்ந்தனவாகவே பாவித்தது, இந்த ஏற்றத்தாழ்வை உணர்ந்ததால்தான்.

மேற்கே கல்வராயன் மலை ஏறினால் விகிதக் கணக்குக்கே இடமில்லை. 1976 வரை ஜாகிர்தார்களின் ஆதிக்கத்தில் இருந்து, அவர்களுக்குக் கூலியில்லாமல் உழைத்துக் கொடுத்த மலையாளிப் பழங்குடிகளுக்கு, வருமானம் என்று எழுத ஒன்றும் இருக்கவில்லை. அதே ஆண்டில்தான் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் இந்தியா முழுவதற்கும் வந்தது. சாமையும் கடுக்காயும் வருஷத்தைத் தள்ளப் போதாத வீடுகளில் இன்றும் ஆள் சேர்க்கும் தரகன் முன்பணம் தருகிறான். அதற்கு வட்டி எழுதுவதில்லை, கூலியைக் குறைத்துப் பேசிக்கொள்கிறான். மாநிலத்தின் 26 சதவீதத்தில் இந்தக் கடன் சேராது. சங்கத்தின் பேரேட்டிலும் வங்கியின் கணக்கிலும் அது ஏறுவதே இல்லை.